காமிராவின் கண்ணில் பூசணம்

எல்லாம் வல்ல இறைவன் படைத்த உயிர்களில் நம் கண்ணுக்குத் தெரிபவை சில, தெரியாதவை பல. யானையையும் ஆலமரத்தையும் கண்டு வியக்கும் நாம், காற்றில் மிதந்து திரியும் பூஞ்சை வித்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அந்தச் சிறு வித்து மழைக்காலத்தில் ரொட்டித் துண்டில் பச்சையாகவும், தோல் செருப்பில் சாம்பல் நிறமாகவும், சுவரில் கறுப்பாகவும் பூத்துத் தன் வல்லமையைக் காட்டிவிடுகிறது.

ரொட்டியிலும் தோலிலும் பூசணம் பிடிப்பதில் வியப்பில்லை. வழவழப்பான கண்ணாடியிலும் பூசணம் பிடிக்கும் என்றால் நம்புவீர்களா? காமிராவின் லென்ஸ், தொலைநோக்கியின் லென்ஸ், நம் பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியின் லென்ஸ் ஆகிய அனைத்திலும் அது பிடிக்கும். நம் குமரி மாவட்டமோ ஜூன் முதல் தென்மேற்குப் பருவ மழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவ மழையும் பெறுகின்ற மாவட்டம். கடலும் அருகில் உள்ளது. ஆகவே இப்பூசணத்தைப் பற்றி அறிந்துகொள்வது நமக்கு மிகவும் தேவையானதாகும். அது ஏன் வருகிறது, எவ்வாறு தடுப்பது, வந்துவிட்டால் என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பூஞ்சை என்பது யாது?

பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. ஆகவே செடிகொடிகளைப் போலச் சூரிய ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. பிற பொருள்களின் மேல் படர்ந்து, நொதிகளைச் சுரந்து, அப்பொருள்களைக் கரைத்து உறிஞ்சி உயிர் வாழ்கிறது. அதன் உடல் நூல் போன்ற இழைகளால் ஆனது. இவ்விழைகளை ஹைஃபாக்கள் என்றும், அவை பின்னிய வலையை மைசீலியம் என்றும் உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். பூஞ்சை வித்துகளால் பெருகுகிறது. வித்துகள் மிக நுண்ணியவை. காற்று உள்ள இடமெல்லாம் அவையும் உள்ளன. புதிதாக வாங்கிய காமிராவிலும் அவை இருக்கும். தக்க சூழ்நிலை வாய்க்கும் வரை அவை உறங்கிக் கிடக்கின்றன.

பூஞ்சை முழுவதும் தீயது என்று கூறிவிட முடியாது. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்னும் அறிஞர் பெனிசிலியம் என்ற பூஞ்சையைக் கண்டு ஆராய்ந்ததன் பயனாகவே பெனிசிலின் என்னும் மருந்து உலகிற்குக் கிடைத்தது. அந்தப் பெனிசிலியத்தின் உறவினர்களும், ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வகையினரும் லென்ஸில் குடியேறும்போதுதான் நமக்குத் தொல்லை.

கண்ணாடியில் அதற்கு என்ன உணவு?

பூஞ்சை கண்ணாடியை உண்பதில்லை. கண்ணாடியின் மேல் நாம் விட்டுச் செல்லும் அழுக்கையே உண்கிறது. விரல் பட்ட இடத்தில் படியும் எண்ணெய்ப் பசை, பேசும்போது தெறிக்கும் எச்சில் துளி, துணியின் நுண்ணிய நார், தூசி, லென்ஸின் திருகு மரைகளில் இடும் மசகு ஆகிய இவையே அதற்குப் போதும்.

உணவு மட்டும் இருந்தால் பூஞ்சை வளராது. ஈரமும் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் சில நாள்கள் தொடர்ந்து இருந்தால் வித்து முளைக்கத் தொடங்கும். வெப்பநிலை 10 டிகிரி முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு ஏற்றது. காற்றோட்டம் இல்லாத இருண்ட இடம் என்றால் இன்னும் நல்லது. நம் வீட்டு அலமாரிகளை நினைத்துப் பாருங்கள். விலையுயர்ந்த பொருள் என்று காமிராவைத் தோல் உறையில் இட்டு, துணியில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இருட்டு, ஈரம், அசையாத காற்று, உணவு ஆகிய நான்கையும் நாமே பூஞ்சைக்குத் தேடிக் கொடுக்கிறோம். பத்திரப்படுத்துவதாக நினைத்துச் செய்வதே கேடாக முடிகிறது.

அதனால் விளையும் தீமை

லென்ஸில் பூஞ்சை பிடித்தால் முதலில் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தோன்றும். பின்னர் அவை மரக்கிளை போலவும், பனித்துகள் போலவும் படரும். அந்த இழைகளின் உருவம் அப்படியே படத்தில் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு விழுவதில்லை. லென்ஸின் மேல் உள்ள பொருள் குவியத்தில் அமைவதில்லை அல்லவா? ஆகவே இழை படத்தில் தெரியாது. ஆனால் உள்ளே வரும் ஒளியை அது சிதறடிக்கும். சிதறிய ஒளி படம் முழுவதும் பரவி, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தையும் சாம்பல் நிறமாக்கும். படம் வெளிறி, மூடுபனிக்குள் எடுத்தது போல் ஆகிவிடும். ஒளியை நோக்கி எடுக்கும் படங்களில் இக்குறை மிகுதியாகத் தெரியும்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. இக்கால லென்ஸுகளின் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்று பூசப்பட்டிருக்கும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். அதைக் குறைப்பதற்காகவே இப்பூச்சு. ஜெர்மனியில் ஜெய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்பவர் 1935ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டார். மெக்னீசியம் ஃபுளோரைடு என்னும் பொருளைப் பூசுவது வழக்கம். ஒற்றைப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு! பூஞ்சை தான் வளரும்போது சில அமிலங்களைச் சுரக்கிறது. அந்த அமிலம் இப்பூச்சை அரித்து, நாளடைவில் கண்ணாடியையும் அரிக்கும். தொடக்கத்திலேயே துடைத்தால் பூஞ்சை முழுவதும் போய்விடும். காலம் கடந்து துடைத்தால் பூஞ்சை போகும். அதன் தடம் போகாது.

போர்க்களத்தில் கற்ற பாடம்

இத்தொல்லையை உலகம் பெரிய அளவில் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். நியூ கினியா போன்ற வெப்பமும் மழையும் மிக்க காடுகளில் போரிட்ட ஆஸ்திரேலியப் படையினரின் தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் குறுகிய காலத்திலேயே பூஞ்சை பிடித்துப் பயனற்றுப் போயின. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையினர் இதனை ஆராய்ந்தனர். பாதரசச் சேர்மம் ஒன்றைக் கருவியின் உட்புறப் பூச்சில் கலந்து பூஞ்சையைத் தடுக்க முயன்றனர். பாதரசச் சேர்மங்கள் நச்சுத்தன்மை உடையவை. அவை வீட்டிற்கு ஏற்றவை அல்ல. நச்சு இல்லாமலே நாம் கையாளத்தக்க வழி ஈரத்தைக் குறைப்பது ஒன்றே.

ஒரு குடும்பத்தின் பிழைப்பு

இது பணக்காரர்களின் கவலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை திருமணப் படங்கள் எடுத்துக் குடும்பத்தைக் காப்பவர். 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. திருமணங்கள் தள்ளிப் போயின; நடந்தவையும் சிறிய அளவில் நடந்தன. காமிராக்களுக்கு வேலை இல்லை. அவை பைக்குள்ளும், பை மர அலமாரிக்குள்ளும் இருந்தன. ஜூன் மாதம் மழை பிடித்தது. மாதங்கள் சென்று ஒரு திருமணத்திற்கு அழைப்பு வந்தபோது அவர் பையைத் திறந்தார். தூரத்தில் உள்ளதை அருகில் காட்டும் பெரிய லென்ஸின் உள்ளே வலை பின்னியிருந்தது. கழற்றித் துடைத்தும் ஒரு கண்ணாடியின் பூச்சு அரிக்கப்பட்டுவிட்டதால் தடம் போகவில்லை. அவர் கடன் வாங்கி வேறொரு லென்ஸ் வாங்க நேர்ந்தது.

அவரிடம் நாங்கள் இக்கட்டுரைக்காகப் பேசியபோது, “வேலை இருந்த நாளில் மழையில் நனைஞ்சும் அந்த லென்ஸுக்கு ஒண்ணும் ஆகல, பிள்ளைகளா. சும்மா கிடந்த நாலு மாசத்திலதான் போச்சு” என்றார். இதில் ஓர் அறிவியல் உண்மை உள்ளது. நாள்தோறும் பயன்படும் காமிரா வெளிச்சத்தையும் காற்றையும் பெறுகிறது, அவ்வப்போது துடைக்கப்படுகிறது. பயன்படாமல் கிடப்பதற்கே பூஞ்சை வருகிறது.

பள்ளியின் பழைய காமிரா

சென்ற ஆண்டு, பழைய மாணவியர் கூடும் நாளுக்காகப் படங்கள் திரட்டும்போது, பள்ளி அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் யாஷிகா மேட் 124 ஜி என்னும் காமிரா கிடைத்தது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு லென்ஸுகள் உடையது அது. முன்பு இங்கு அறிவியல் கற்பித்த அருட்சகோதரி ஒருவர் அதைக் கொண்டுதான் விளையாட்டு விழாக்களையும் நற்கருணைப் பவனிகளையும் படம் எடுத்தார் என்று அறிந்தோம். அலுவலகத் தொகுப்பில் உள்ள பழைய படங்களில் பல அதில் எடுக்கப்பட்டவை. அவர் மாற்றலாகிச் சென்ற பின் அதைத் தொட்டவர் இல்லை.

மேலே உள்ள சதுரக் கண்ணாடியில் குனிந்து பார்த்தோம். காட்சி தெளிவாகத் தெரிந்தது. காமிராவிற்குக் குறையில்லை என்று மகிழ்வது இயல்பே. ஆனால் இவ்வகைக் காமிராவில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸே படம் எடுப்பதற்கு. மேலே தெளிவு இருந்தால் கீழேயும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே எங்கள் அறிவியல் ஆசிரியையின் துணையுடன் கீழ் லென்ஸையும் சோதித்தோம். அதன் முறையைச் சொல்கிறோம்.

சோதிக்கும் முறை

முதலில் உள்ளே பிலிம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காமிராவின் பின்கதவைத் திறக்க வேண்டும். ஒளி புகும் துளையை முழுவதும் அகலமாக வைக்க வேண்டும். வேகத்தைக் காட்டும் சக்கரத்தை ‘பி’ என்னும் எழுத்தில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தால் கதவு போன்ற ஷட்டர் திறந்தே நிற்கும். பின்னர் அறையை இருட்டாக்கி, ஒரு சிறு டார்ச் விளக்கை லென்ஸின் ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்து, மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நேராக அடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. சாய்த்து அடித்தால் இழைகள் வெள்ளை நூல்களாக ஒளிரும். லென்ஸைக் கழற்றக்கூடிய இக்காலக் காமிராவாயின், லென்ஸை மட்டும் தனியே எடுத்து இவ்வாறே சோதிக்கலாம்.

காண்பவை எல்லாம் பூஞ்சை அல்ல. தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் அது தூசி. அது சிறிது இருந்தால் படத்திற்குக் கேடில்லை. சீரான புகைமூட்டம் போல் இருந்தால் மசகு ஆவியாகிப் படிந்ததாக இருக்கலாம். ஓரத்திலிருந்து கிளைவிட்டுப் படர்ந்த இழைகளே பூஞ்சை. பழைய காமிராவை விலைக்கு வாங்குவோர் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்ப்பது நல்லது.

எங்கள் காமிராவின் கீழ் லென்ஸில், முன் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு இடங்களில் இழைகள் ஒளிர்ந்தன.

வருமுன் காத்தல்

வந்தபின் வருந்துவதை விட வருமுன் காப்பதே எளிது. அதற்கு ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் போதும். 40 முதல் 50 விழுக்காடு மிகவும் நல்லது. 30 விழுக்காட்டுக்கும் கீழே உலர்த்திவிடக் கூடாது. மசகு வறண்டு பிற உறுப்புகள் கெடலாம்.

பழைய ஸ்டூடியோக்காரர்கள் காமிரா அலமாரியில் ஒரு சிறிய பல்பை எப்போதும் எரியவிடுவார்கள். இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் அக்காற்றில் 24 கிராம் நீராவி உள்ளது என்று பொருள். அலமாரியின் உள்ளே வெப்பம் 35 டிகிரியாக உயர்ந்தால் அதே காற்று சுமார் 40 கிராம் தாங்கும். ஆனால் உள்ள நீராவியோ அதே 24 கிராம்தான். இப்போது ஒப்பு ஈரப்பதம் 24ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைக்கும் 60 விழுக்காடு. ஒரு துளி நீரையும் வெளியேற்றாமல், 5 டிகிரி வெப்பத்தாலேயே 80 விழுக்காடு 60 ஆகிவிட்டது!

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இழை சூடாகி எரியும் பழைய குண்டு பல்பு மட்டுமே இதற்கு உதவும். எல்.இ.டி. விளக்கு மிகக் குறைந்த வெப்பமே தருவதால் அதனைப் போட்டுப் பயனில்லை. மேலும், குண்டு பல்பின் அருகே துணியோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கும். ஆகவே பெரியவர்களே இதனைச் செய்ய வேண்டும்.

இதைவிட எளிய வழி சிலிக்கா ஜெல். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் காமிராவையும் ஒரு சிறு துணிப்பையில் சிலிக்கா ஜெல்லையும் வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல்லின் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அவற்றின் சுவரில் நீராவி ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஜெல் தேவை? இதற்கும் ஒரு கணக்குப் போடுவோம். 10 லிட்டர் பெட்டி என்பது ஒரு கனமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு கனமீட்டரில் 24 கிராம் என்றால் இப்பெட்டியின் காற்றில் கால் கிராமுக்கும் குறைவான நீராவியே உள்ளது! 50 கிராம் ஜெல் அதற்குத் தாராளமாகப் போதும். பின் ஏன் சில வாரங்களில் ஜெல் நிறம் மாறுகிறது? நாம் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஈரக் காற்று உள்ளே புகுகிறது. தோல் உறையும், தோள் நாடாவும், துணியும் தம்முள் நிறைய ஈரத்தை வைத்திருக்கின்றன. அதனால்தான் தோல் உறையைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. தோலிலேயே பூசணம் பிடிக்கும் என்பது நாம் அறிந்ததே.

நீல நிற ஜெல் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு. அது உடலுக்குத் தீங்கானது. ஆகவே ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குவது நல்லது. நிறம் மாறிய ஜெல்லை எறிந்துவிட வேண்டியதில்லை. சுமார் 120 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் ஈரம் நீங்கி மீண்டும் பயன்படும். அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும்; சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இனி, நம் இல்லங்களில் வழங்கும் சில பழக்கங்களைப் பார்ப்போம்.

(அ) சிலர் அரிசிக்குள் காமிராவைப் புதைத்து வைக்கின்றனர். அரிசி மிகச் சிறிதளவே ஈரத்தை உறிஞ்சும். அதன் மாவுத் தூசியோ பூஞ்சைக்கு நல்ல உணவாகும்.

(ஆ) சிலர் அந்துருண்டை வைக்கின்றனர். அது ஈரத்தை உறிஞ்சாது. அதன் ஆவி லென்ஸில் படியலாம், பிளாஸ்டிக்கிற்கும் நல்லதல்ல.

(இ) லென்ஸைச் சேலைத் தலைப்பாலும் தாவணி நுனியாலும் துடைப்பது நம்மிடம் பரவலாக உள்ள பழக்கம். துணியில் ஒட்டியிருக்கும் மணல் துகள், பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, அதன் பின்னரே லென்ஸுக்கு உரிய துணியால் துடைக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

(ஈ) குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ கன்னியாகுமரிக் கடற்கரைக்குக் காமிராவை எடுத்துச் செல்லும்போது, குளிர்ந்த கண்ணாடியில் பனி போல் நீர் படியும். ஐஸ் நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். வெளியே வருமுன் காமிராவைப் பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டிவிட வேண்டும். அரைமணி நேரம் கழித்து, காமிரா வெளிக்காற்றின் வெப்பத்தைப் பெற்ற பின் பையைத் திறக்கலாம்.

வந்துவிட்டால் செய்ய வேண்டியவை

பூஞ்சை லென்ஸின் வெளிப்பரப்பில் இருந்தால் நாமே பெரியவர் துணையுடன் துடைக்கலாம். தூசியை ஊதி நீக்கிய பின், லென்ஸ் துடைக்கும் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஓரிரு துளி விட்டு, நடுவிலிருந்து ஓரத்திற்கு வட்டமாக மெல்லத் துடைக்க வேண்டும். ஒருமுறை துடைத்த தாளை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. திரவத்தை நேராக லென்ஸின் மேல் ஊற்றவே கூடாது. ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும். பிளாஸ்டிக் லென்ஸ் உள்ள மலிவான காமிராவிற்கு ஆல்கஹால் ஆகாது.

உள்ளே இருந்தால் நாம் கை வைக்கக் கூடாது. அனுபவம் மிக்க பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். லென்ஸின் கண்ணாடிகளை ஒழுங்கு மாறாமலும் சாயாமலும் திரும்பப் பொருத்தாவிட்டால் படம் தெளிவாக விழாது. அவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சேர்த்துக் கையுறை அணிந்து துடைப்பதுண்டு. வீட்டில் உள்ள பிளீச்சிங் பொருளை அம்மோனியாவுடன் யாரும் கலக்கக் கூடாது. மூச்சைப் பாதிக்கும் நச்சு வாயு உண்டாகும்.

வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்பது ஒரு நம்பிக்கை. வெயில் ஈரத்தைப் போக்கி அதன் வளர்ச்சியைத் தடுக்கலாம். ஆனால் வளர்ந்த இழை அங்கேயேதான் இருக்கும், துடைத்தாக வேண்டும். லென்ஸை நேராகச் சூரியனுக்குக் காட்டி வைப்பது தீங்கு. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல, அது உள்ளிருக்கும் உறுப்புகளையும் அருகில் உள்ள பொருளையும் எரித்துவிடும். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள நிழலே போதுமானது.

எங்கள் காமிராவை, நாகர்கோவிலில் பல ஆண்டுகளாகக் காமிராக்களைப் பழுதுபார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் ஆசிரியை கொண்டு சென்றார்; நாங்கள் இருவர் உடன் சென்றோம். அந்த லென்ஸில் 4 கண்ணாடிகள் 3 தொகுதிகளாக அமைந்துள்ளன. பின் தொகுதியில் இரண்டு கண்ணாடிகள் பசையால் ஒட்டப்பட்டவை. “ஒட்டின கண்ணாடிக்கு நடுவுல பிடிச்சிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன், டீச்சர். நல்ல வேளை, இது முன்னாலதான் இருக்கு” என்றார் அப்பெரியவர். முன் கண்ணாடி முற்றும் தெளிந்தது. இரண்டாவது கண்ணாடியில் மட்டும், ஓரத்தில் மிளகளவு தடம் ஒன்று நின்றுவிட்டது. “இன்னும் ரெண்டு மழை இது அலமாரியில கிடந்திருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்றும் கூறினார்.

துடைக்கும் முன் ஒரு பிலிம் சுருளும், துடைத்த பின் ஒரு பிலிம் சுருளும் ஒரே இடங்களில் எடுத்தோம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க மைதானத்தில் எடுத்த படங்களில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. சிற்றாலயத்தின் சன்னலை நோக்கி, அன்னையின் திருவுருவத்தை எடுத்த படங்களிலோ பெரும் வேறுபாடு. முன்னதில் திருவுருவத்தின் முகம் வெண்மூட்டத்தில் மறைந்திருந்தது. பின்னதில் முகமும், கைகளின் விரல்களும், மேலாடையின் மடிப்புகளும் தெரிந்தன. சன்னலின் ஓரத்தில் மட்டும் சிறிது ஒளிவட்டம் உள்ளது. அது அந்த மிளகளவு தடத்தின் வேலையாக இருக்கலாம்.

நம் பள்ளியில் செய்யத்தக்கது

காமிராவைக் காட்டிலும் நமக்கு முக்கியமானவை ஆய்வகத்து நுண்ணோக்கிகள். அவற்றின் லென்ஸுகளும் இதே காற்றில்தான் உள்ளன. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது மழையும் தொடங்கிவிடுகிறது. வெங்காயத் தோலின் செல்லைக் காண வேண்டிய மாணவி மங்கிய வட்டத்தை மட்டும் கண்டால் அவள் பாடம் கற்பது எவ்வாறு? இளைய வகுப்புத் தங்கைகள் பல ஆண்டுகள் அக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டும் அன்றோ?

ஆகவே தலைமையாசிரியைச் சிஸ்டர் அவர்களின் இசைவுடன் அறிவியல் மன்றத்தில் ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளித் திருப்பலி முடிந்தபின், மன்றத்தைச் சேர்ந்த இருவர் ஆய்வகம் செல்வர். நுண்ணோக்கிப் பெட்டிகளிலும் காமிராப் பெட்டியிலும் உள்ள சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுவர். நிறம் மாறியிருந்தால் ஆய்வக உதவியாளரிடம் கொடுத்து உலர்த்திப் பெறுவர். கருவிகளை வெளியே எடுத்து, டார்ச் விளக்கால் சோதித்து, சிறிது நேரம் காற்றாட வைத்துத் திரும்ப வைப்பர். இதற்கு அரைமணி நேரம் போதும். நாங்கள் இவ்வாண்டு தேர்வெழுதிச் சென்றுவிடுவோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் இப்பணியை ஏற்றுத் தொடர வேண்டும் என்று அன்புடன் வேண்டுகிறோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் தாத்தா பயன்படுத்திய காமிராவோ, தொலைநோக்கியோ அலமாரியில் இருக்கலாம். அடுத்த மழைக்கு முன் அதை ஒருமுறை வெளியே எடுத்து டார்ச் விளக்கால் பாருங்கள். தோல் உறையிலிருந்து பிரித்து வையுங்கள். மாதம் ஒருமுறையாவது அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்துங்கள். அதில் எடுக்கப்பட்ட படங்களில் உள்ளவர்கள் சிலர் இன்று நம்மோடு இல்லாதிருக்கலாம். அவர்களைப் பார்த்த கண் அது.

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். தலைவன் கொடுத்ததை நிலத்தில் புதைத்து வைத்த ஊழியன், அதைத் தொலைக்கவில்லை, பத்திரமாகவே வைத்திருந்தான். எனினும் அவன் கடிந்துகொள்ளப்பட்டான். அலமாரியில் பூட்டி வைத்த காமிராவும் நமக்கு அதையே கற்பிக்கிறது. இறைவன் நமக்குத் தந்த கண்ணையும் கையையும் அறிவையும், முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற கருவிகளையும் நாள்தோறும் பயன்படுத்துவோம். பயன்படுத்தித் துடைத்து வைப்போம்.